வண்டி நமக்குத் தெரிகிறது, நாம் வண்டிக்குத் தெரிகிறோமா?

இரவில் நடக்கிறவருக்கு எதிரே வரும் வண்டி வெகு தொலைவிலேயே தெரிந்துவிடும். இரண்டு விளக்குகள் பளிச்சென்று கண்ணில் விழும்போது, ஓட்டுகிறவருக்கும் நாம் அதே அளவு தெரிகிறோம் என்று மனசு தானாக முடிவு கட்டிவிடுகிறது. இந்தத் தப்புக்கணக்கை முதலில் திருத்திக்கொள்ள வேண்டும். காலணி, குச்சி, டார்ச் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு வினாடியில் ஏறக்குறைய 14 மீட்டர் கடக்கிறது. ஓட்டுகிறவர் நம்மைக் கண்டு, புரிந்துகொண்டு, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை வினாடி என்று வைத்தாலே 21 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்தபின் காய்ந்த சாலையில் இன்னும் சுமார் 14 மீட்டர். ஆக மொத்தம் 35 மீட்டர். சாலை நனைந்திருந்தால் இது 45 மீட்டரைத் தொடும். 80 கிலோமீட்டர் வேகமென்றால் காய்ந்த சாலையிலேயே 70 மீட்டர் வேண்டும். இப்போது மறுபக்கம். கறுப்பு, கருநீலம், அடர்பழுப்பு உடையில் நடப்பவர், ஹெட்லைட் டிம்மில் இருக்கும்போது, சுமார் 25 முதல் 30 மீட்டரில்தான் ஓட்டுநர் கண்ணில் படுகிறார். 35 மீட்டர் தேவைப்படும் இடத்தில் 30 மீட்டர்தான் கிடைக்கிறது. ஓட்டுகிறவர் எவ்வளவு கவனமானவராக இருந்தாலும் அந்த 5 மீட்டர் எங்கிருந்தும் வராது.

2021-ஆம் ஆண்டில் உலகம் முழுக்கச் சாலை விபத்துகளில் சுமார் 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார அமைப்பு. அவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் நடந்து போனவர்கள். வேகம் கூடக்கூட அடியும் கொடியதாகிறது. கார் மோதும் வேகம் 50-லிருந்து 65 கிலோமீட்டராக ஏறினால், நடப்பவர் இறக்கும் வாய்ப்பு நாலரை மடங்காகிறது. மோதுவதற்கு முன் கிடைக்கும் ஒவ்வொரு மீட்டரும் அந்த வேகத்தைக் குறைக்கிறது. வண்டி முழுதாக நிற்காவிட்டாலும் உயிர் தப்ப அது உதவும்.

அந்த மீட்டர்களை வாங்கித் தருவது ரிஃப்ளெக்டர். ஹெட்லைட் வெளிச்சத்தை வந்த திசையிலேயே திருப்பி அனுப்பும் பட்டை அது. நல்ல பட்டை 130, 150 மீட்டரில் பளிச்சிடும். வெள்ளைச் சட்டை போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கறுப்புக்கு அது மேல்தான், ஆனால் ரிஃப்ளெக்டருக்கு ஈடாகாது. இன்னொரு குழப்பமும் உண்டு. கண்ணைப் பறிக்கும் எலுமிச்சை மஞ்சள், ஆரஞ்சு ஃப்ளோரசன்ட் துணிகள் பகலிலும் அந்தி நேரத்திலும்தான் வேலை செய்யும். சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிரை அவை கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றுகின்றன. இருட்டியபின் அந்தக் கதிர் இல்லை, ஆகவே அவையும் சாதாரணத் துணிதான். மேகம் மூடிய மாலைக்கு ஃப்ளோரசன்ட், இரவுக்கு ரிஃப்ளெக்டர். இரண்டும் சேர்ந்த மேலங்கி கிடைத்தால் அதையே வைத்துக்கொள்ளலாம்.

பட்டையை எங்கே கட்டுகிறோம் என்பதும் முக்கியம். மார்பில் மட்டும் கட்டினால், தூரத்தில் அது அசையாத ஒரு வெளிச்சப் புள்ளி. மைல்கல்லா, வேலிக்கம்பமா, நின்றிருக்கும் வண்டியா என்று ஓட்டுநருக்குப் பிடிபடாது. கணுக்கால் இரண்டிலும் மணிக்கட்டு இரண்டிலும் கட்டினால் அந்த நாலு புள்ளிகளும் நடையின் தாளத்தில் முன்னும் பின்னும் ஆடும். மனிதக் கண் அந்த அசைவை உடனே ஆள் என்று அடையாளம் கண்டுகொள்ளும். ஒரே ஒரு ஜோடிப் பட்டைதான் இருக்கிறதென்றால் கணுக்காலுக்கே முதலிடம். காலின் வீச்சு பெரிது. டிம் செய்த ஹெட்லைட்டும் தரையை ஒட்டித்தான் அடிக்கும். நீளமான கால்சட்டையோ சேலைக் கரையோ பட்டையை மூடிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அழுக்கும் கீறலும் பட்டையின் பளபளப்பைக் குறைக்கும். அது இன்னும் மின்னுகிறதா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. இருட்டறையில் பட்டையைத் தொங்கவிட்டு, சில மீட்டர் தள்ளி நின்று, டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து அடித்துப் பாருங்கள். புதுப் பட்டையோடு ஒப்பிட்டால் மங்கல் தெரிந்துவிடும்.

டார்ச் நமக்கு வழி தெரிவதற்கும் பிறருக்கு நாம் தெரிவதற்கும். தரையைப் பார்த்துத் தாழ்த்திப் பிடியுங்கள். ஓட்டுநரின் முகத்தில் அடித்தால் சில வினாடிகள் அவருக்குக் கண் கூசிவிடும், நாம் எந்த ஆபத்துக்கு அஞ்சினோமோ அதை நாமே உண்டாக்கியதாகும். எதிர்வரும் ஹெட்லைட் நம் கண்ணைக் கூசச்செய்யும்போது விளக்கைப் பார்க்காமல் சாலையின் ஓரக்கோட்டைப் பாருங்கள். வண்டி கடந்ததும் உடனே அடியெடுத்து வைக்காமல் நின்று, கண் தெளிந்தபின் நடக்கலாம். வயது ஏறஏற இந்தத் தெளிவு வரக் கூடுதல் நேரமாகும்.

நடைபாதை இருந்தால் அதில்தான் நடக்க வேண்டும். இல்லாத இடத்தில், வண்டிகள் நம்மை எதிர்கொண்டு வரும் பக்கமாக நடப்பது உலகெங்கும் ஏற்ற வழக்கம். வண்டிகள் இடப்பக்கம் ஓடும் நாட்டில் நடப்பவர் வலப்பக்கம், வலப்பக்கம் ஓடும் நாட்டில் இடப்பக்கம். முதுகுக்குப் பின்னால் வரும் வண்டியை நம்மால் பார்க்க முடியாது, எதிரே வருவதைப் பார்த்து விலகலாம் என்பதுதான் காரணம். ஆனால் இந்த விதியைக் கண்ணை மூடிக்கொண்டு கடைப்பிடிக்கக் கூடாத இடங்கள் உண்டு. சாலை நம் பக்கமாகவே வளைகிறது என்றால் நாம் உள்வளைவில் மாட்டிக்கொள்கிறோம். வளைவை மறைக்கும் சுவரோ புதரோ தாண்டி வரும் ஓட்டுநருக்குக் கடைசி நொடியில்தான் நாம் தெரிவோம். வளைவுக்கு நன்றாக முன்பே, இருபக்கமும் தெளிவாகத் தெரியும் இடத்தில் மறுபுறம் கடந்து, வெளிவளைவில் தாரைவிட்டு இறங்கி நடந்து, சாலை நேரானதும் திரும்பி வந்துவிட வேண்டும். ஏற்றத்தின் உச்சியிலும் இதே மறைப்புத்தான். அங்கே பக்கம் மாற்றிப் பயனில்லை. தாரிலிருந்து முழுதாக இறங்கிவிடுவதே வழி.

எதிர்கொண்டு நடந்தாலும் முதுகுப் பக்கம் முழுப் பாதுகாப்பு என்று இருந்துவிட முடியாது. பின்னால் வரும் ஒரு வண்டி இன்னொன்றை ஓவர்டேக் செய்யும்போது அது நம் பக்கத்துக்குத்தான் வருகிறது. பின்னாலிருந்து ஹாரனோ எஞ்சினின் உறுமலோ திடீரென உயர்ந்தால் திரும்பிப் பாருங்கள். அகலம் குறைந்த சாலையில் இரண்டு வண்டிகள் நமக்கு நேராக ஒன்றையொன்று கடக்கப் போகின்றன என்று தெரிந்தால், நடப்பதை நிறுத்தி ஒதுங்கி நில்லுங்கள்.

கூட்டமாக நடப்பவர்கள் பேச்சின் சுவாரசியத்தில் மெல்ல மெல்ல சாலைக்குள் பரவிவிடுவார்கள். குறுகிய சாலையில், இருட்டில், வளைவில் ஒருவர் பின் ஒருவராகப் போவது நல்லது. முன்னால் போகிறவர் வெள்ளை விளக்கும் கடைசியில் வருகிறவர் சிவப்பு விளக்கும் வைத்துக்கொண்டால் இரு திசையிலும் கூட்டத்தின் நீளம் தெரியும்.

சாலையைக் கடப்பதுதான் எல்லாவற்றிலும் கடினமானது. நல்ல நடை வினாடிக்கு 1.2 மீட்டர். இரண்டு வழிச் சாலை 7 மீட்டர் என்றால் கடக்க 6 வினாடி. முழங்கால் வலியுள்ளவர், முதியவர், குழந்தையைக் கைபிடித்து வருபவர் வினாடிக்கு 0.8 மீட்டர் நடந்தால் ஏறக்குறைய 9 வினாடி ஆகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி 6 வினாடியில் 100 மீட்டரும் 9 வினாடியில் 150 மீட்டரும் வந்துவிடும். கண்ணால் இந்தத் தூரத்தை மதிப்பிடுவதில் நாம் எல்லோருமே கொஞ்சம் தவறுகிறவர்கள்தான், அதிலும் இரவில் இன்னும் அதிகம். வண்டி சிறிதாக இருந்தால் அது தாமதமாக வரும் என்று தோன்றும். அதனால்தான் இருசக்கர வண்டிகளிடம் ஏமாந்துபோகிறோம்.

தினமும் கடக்கும் சாலையென்றால் ஒருமுறை அளந்து வைத்துக்கொள்ளலாம். கூட்டம் இல்லாத நேரத்தில் கடந்து, எத்தனை எண்ணிக்கை ஆகிறது என்று எண்ணுங்கள். அதோடு இரண்டைக் கூட்டிக்கொள்ளுங்கள். பிறகு ஓரத்தில் நின்று, தூரத்தில் உள்ள ஒரு விளக்குக் கம்பத்தையோ மரத்தையோ குறி வைத்து, வண்டிகள் அதைத் தாண்டியதிலிருந்து நம்மை எட்டும் வரை எண்ணுங்கள். அதே எண்ணிக்கையோ அதற்கு மேலோ வரும் கம்பம்தான் உங்கள் எல்லைக் கம்பம். அதற்கு இப்பால் வண்டி எதுவும் வந்திருந்தால் இறங்குவதில்லை என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் ஊகிக்க வேண்டியதில்லை. இரண்டு திசைக்கும் தனித்தனிக் கம்பம் வேண்டும். மழை நாளில் அடுத்த கம்பத்துக்கு எல்லையைத் தள்ளுங்கள்.

பல வழிச் சாலையில் ஒரு கார் நின்று நமக்குக் கைகாட்டி வழி விடும். அந்த நல்ல மனம்தான் சில நேரம் ஆபத்தாகிறது. நின்ற கார் அடுத்த வழியில் வேகமாக வரும் வண்டியை நம் பார்வையிலிருந்தும், நம்மை அந்த ஓட்டுநர் பார்வையிலிருந்தும் மறைக்கிறது. கைகாட்டியவர் தன் வண்டிக்கு மட்டும்தான் பொறுப்பேற்க முடியும். நின்ற வண்டியின் வெளிவிளிம்பு வரை வந்து நின்று, தலையை மட்டும் நீட்டிப் பார்த்து, அடுத்த வழி காலி என்று உறுதியானபின் போங்கள். பேருந்திலிருந்து இறங்கியதும் அதன் முன்னால் கடப்பதும் இதே கண்ணிதான். பேருந்து போய்விடட்டும், அரை நிமிடத்தில் சாலை திறந்துவிடும்.

பேருந்து, லாரி போன்ற உயரமான வண்டிகளுக்கு மூக்குக்குக் கீழேயே குருட்டு இடம் இருக்கிறது. முன்புறம் ஒட்டி நிற்கும் ஆளின் தலை கண்ணாடிக்குக் கீழே மறைந்துவிடும். பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் நமக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நாம் தெரியவில்லை. நீள வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். தெருமுனையில் நடைபாதை விளிம்பில் நின்று காத்திருப்பவரின் பாதத்தை உரசும் அளவுக்கு அது நெருங்கலாம். முனையில் காத்திருக்கையில் இரண்டடி பின்வாங்கி நில்லுங்கள்.

கிளைச் சாலையிலிருந்து பிரதான சாலையில் சேரக் காத்திருக்கும் கார் இன்னொரு பொறி. ஓட்டுநர் வண்டிகள் வரும் திசையையே உற்றுப் பார்த்து இடைவெளி தேடிக்கொண்டிருப்பார். மறுதிசையிலிருந்து நடந்து வரும் நாம் அவர் கணக்கில் இல்லை. கண்ணாடிக்குள் முகம் சரியாகத் தெரியாத நேரத்தில் கண்ணைத் தேடிக்கொண்டிருப்பதைவிட முன்சக்கரத்தைப் பாருங்கள். வண்டி அசையத் தொடங்குவது சக்கரத்தில்தான் முதலில் தெரியும். அவர் நம்மைப் பார்த்தார் என்று உறுதியாகாவிட்டால், பின்னால் வேறு வண்டி இல்லையென்று பார்த்து, அந்தக் காரின் பின்பக்கமாகச் சுற்றிப் போய்விடலாம். நிறுத்தியிருக்கும் வண்டிகளுக்கிடையே நடக்கும்போது பின்விளக்குகளைப் பாருங்கள். வெள்ளை விளக்கு எரிந்தால் ரிவர்ஸ் கியர் விழுந்துவிட்டது. மின்சார வண்டிகள் மெல்ல ஊர்ந்து வரும்போது ஓசையே எழாது. ஐரோப்பாவில் 2021 முதல் புதிய மின்சாரக் கார்கள் எல்லாம் மணிக்கு 20 கிலோமீட்டர் வரை செயற்கை ஓசை எழுப்ப வேண்டும் என்று விதியே இருக்கிறது, நடப்பவர்களின் காது எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

அந்தக் காதைத்தான் நாம் அடைத்துவிடுகிறோம். ஒரு காதில் மட்டும் இயர்போன் போட்டால் பாதுகாப்பு என்ற எண்ணம் சரியல்ல. ஓசை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை மூளை இரண்டு காதுகளையும் ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்கிறது. ஒற்றைக் காதில் ஹாரன் கேட்கும், திசை பிடிபடாது. திறந்த பாதையில், பூங்காவில் கேட்டுக்கொள்ளுங்கள், சாலையோரம் வந்தால் கழற்றிவிடுங்கள். போன் பார்க்க வேண்டுமென்றால் நடையை நிறுத்தி, சுவருக்கு முதுகு காட்டி நின்று பார்த்துவிட்டு, அதை உள்ளே வைத்துவிட்டு நடங்கள். கையிலிருந்து போனைப் பறித்துக்கொண்டு போவதும் இப்படி நின்றால் குறையும்.

மழைக்கோட்டின் தொப்பி தலையோடு சேர்ந்து திரும்பாது. தலையைத் திருப்பினால் தொப்பியின் உள்பக்கம்தான் தெரியும். கடக்கும் முன் அதைப் பின்னால் தள்ளுங்கள் அல்லது உடம்பையே திருப்பிப் பாருங்கள். எதிர்க்காற்றுக்குச் சாய்த்த குடையும் அப்படியே கண்ணை மறைக்கும். தள்ளுவண்டியில் குழந்தையைக் கொண்டுபோகிறவர் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: நிறுத்திய கார்களுக்கிடையே எட்டிப் பார்க்கும்போது, பெரியவரின் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் முன்னதாகவே குழந்தை சாலைக்குள் போய்விடுகிறது. அந்த இடங்களில் கடக்கவே கூடாது. நடக்கும் குழந்தையானால் விரல்களைவிட மணிக்கட்டைப் பிடிப்பது உறுதி. விரலை உருவிக்கொண்டு ஓடுவது அவர்களுக்கு எளிது.

ரயில் பாதையைப் பற்றி இரண்டே விஷயம். ரயில் தண்டவாளத்தைவிட அகலமானது, இருபுறமும் ஏறக்குறைய ஒரு மீட்டர் வரை வெளியே நீண்டிருக்கும். ஒரு ரயில் போய்முடிந்ததும் பாய்ந்து கடக்காதீர்கள், அடுத்த தடத்தில் வருவதை முதல் ரயில் மறைத்திருக்கும்.

வண்டியே இல்லாத இடத்திலும் தரை நம்மைக் கவிழ்க்கும். பெயர்ந்த பலகைக்கல் ஒரு சென்டிமீட்டர் தூக்கியிருந்தாலே காலைத் தடுக்கப் போதும், ஏனென்றால் சாதாரண நடையில் கால்விரல் தரையை ஒட்டியே வீசி வருகிறது. இங்கே பலரும் கவனிக்காத ஒன்று மூக்குக்கண்ணாடி. பைஃபோகல், ப்ரோக்ரெசிவ் கண்ணாடிகளின் கீழ்ப்பகுதி படிப்பதற்கானது. அதன் வழியாகத் தரையைப் பார்த்தால் இரண்டு மூன்றடி முன்னால் இருக்கும் படி விளிம்பு மங்கலாகும், ஆழமும் தப்பாகத் தெரியும். வெளியில் நிறைய நடப்பவர்கள் தூரப் பார்வைக்கு மட்டுமான தனிக் கண்ணாடி ஒன்று வைத்துக்கொள்வது மிக நல்ல செலவு. அது இல்லாதவர்கள் படி இறங்கும்போது தாடையைத் தாழ்த்தி, கண்ணாடியின் மேல்பகுதி வழியாகப் பார்க்க வேண்டும்.

காலணியைப் பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலையில் வாங்குங்கள். நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், குதிகால் மட்டும் வழுக்காமல் பிடித்திருக்க வேண்டும். 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் அடிப்பாகத்தின் மெத்தை தளர்ந்துவிடும். அதற்கு முன்பே குதிகால் ஒருபுறம் சாய்ந்து தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள், கணுக்கால் மடங்குவது அப்படித்தான் தொடங்கும். மழையில் வெள்ளைக் கோடுகள், இரும்பு மூடிகள், வழவழத்த ஓடுகள், நனைந்த இலை ஆகியவற்றின் மேல் வழுக்கும். அங்கே அடியைச் சுருக்கி, பாதம் முழுவதும் பதியும்படி வையுங்கள். கைகள் பையில் இருந்தால் தடுமாறும்போது சமநிலை பிடிக்க முடியாது.

தேங்கிய நீரில் அடி தெரியவில்லை என்றால் அதில் கால் வைக்காதீர்கள், மூடி இல்லாத குழி அடியில் இருக்கலாம். வேறு வழியே இல்லாவிட்டால் குச்சியால் குத்திப் பார்த்துக்கொண்டு போங்கள். வேகமாக ஓடும் வெள்ளம் 15 சென்டிமீட்டர் ஆழத்திலேயே பெரியவரைத் தள்ளிவிடும். மின்கம்பி அறுந்து கிடந்தால் குறைந்தது 10 மீட்டர் தள்ளியே நில்லுங்கள். தெரியாமல் அருகில் போய்விட்டால் ஓடாதீர்கள். தரையில் மின்னழுத்தம் அடிக்கு அடி மாறும், அகல அடி வைத்தால் இரு பாதங்களுக்கிடையே மின்சாரம் பாயும். இரண்டு பாதங்களையும் சேர்த்து, தரையிலிருந்து தூக்காமல், உரசியபடி சிறுசிறு நகர்வாக விலகுங்கள்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று வினாடி என்றால் மின்னல் ஒரு கிலோமீட்டர் தொலைவில் என்று கணக்கு. 30 வினாடிக்குள் இடி கேட்டால் கட்டடத்துக்குள் போங்கள், தனி மரத்தடி வேண்டாம். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழித்தே வெளியே வாருங்கள்.

நாய் குரைத்து வந்தால் ஓடக் கூடாது, ஓட்டம் துரத்தலைத் தூண்டும். நின்று, கண்ணோடு கண் பார்க்காமல், உடம்பைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, கைகளை மார்போடு சேர்த்துக்கொள்ளுங்கள். குடை, பை எதையாவது இருவருக்கும் நடுவில் பிடியுங்கள். அது ஆர்வம் இழந்ததும் முதுகு காட்டாமல் மெல்லப் பின்வாங்குங்கள். கீழே விழுந்துவிட்டால் சுருண்டு, கழுத்தையும் காதையும் கைகளால் மூடுங்கள். கடித்தாலோ பல் கீறினாலோ, காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம், கடிகாரம் பார்த்து, கழுவுங்கள். அன்றைக்கே மருத்துவமனை. காயம் சிறிதாக இருக்கிறதே என்று ரேபிஸ் தடுப்பூசியைத் தள்ளிப்போட வேண்டாம். நோய் அறிகுறி வந்தபின் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

யாரோ பின்தொடர்வதாகத் தோன்றினால் சாலையின் மறுபுறம் கடந்து பாருங்கள். அவரும் கடந்தால் வீட்டுக்குப் போகாமல், ஆட்களும் வெளிச்சமும் உள்ள இடத்துக்குள் நுழையுங்கள். கார் ஊர்ந்து பின்தொடர்ந்தால் அது வந்த திசையிலேயே திரும்பி நடங்கள், கார் திரும்பி வர நேரமாகும்.

உடம்பு சொல்வதையும் கேட்க வேண்டும். நடந்துகொண்டே முழு வாக்கியம் பேச முடியாவிட்டால் வேகம் அதிகம். மார்பில் அழுத்தம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, திடீர் வியர்வை வந்தால் உட்கார்ந்து உதவிக்கு அழையுங்கள், வீடு வரை நடந்துவிடலாம் என்று பார்க்காதீர்கள். வெயிலில் ஒருவர் குழறிப் பேசினாலோ தடுமாறினாலோ அது வெப்பத்தாக்கமாக (ஹீட் ஸ்ட்ரோக்) இருக்கலாம். நிழலில் கிடத்தி, உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே அவசர உதவியை அழைக்க வேண்டும். நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் 15 கிராம் சர்க்கரை எப்போதும் வைத்திருக்க வேண்டும். இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி, கை நடுங்கி, கண் இருண்டால் அதைத் தின்று, 15 நிமிடம் உட்கார்ந்து, சரியானபின் எழுவது.

பெயர், இரத்த வகை, மருந்துகள், வீட்டு எண் எழுதிய சீட்டு ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். போனில் அவசரத் தகவல் பகுதியை நிரப்பி வைத்தால் பூட்டிய திரையிலிருந்தே பிறர் அதைப் படிக்கலாம். நிரப்பியபின் திரையைப் பூட்டி, ஒருமுறை நீங்களே திறந்து பாருங்கள், எண் பழையதாக இருந்தால் அப்போதுதான் தெரியும். கிளம்பும்போது எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். பாதையை இடையில் மாற்றினால் அதையும் ஒரு வரியில் அனுப்பிவிடுங்கள்.